சென்டர் தேடும் முன் தெருவைப் பழக்குங்கள்

திண்டுக்கல்லிலிருந்து பெங்களூரு வந்து ஒன்றரை வருடமான ஒரு அம்மாவின் கேள்வி இது. நான்கரை வயது மகனுக்கு ஆட்டிசம் என்று போன மாதம் சொல்லியிருக்கிறார்கள். பேச்சு இல்லை. கணவருக்கு ஐ.டி. வேலை. வீட்டில் மூன்றே பேர், பக்கத்து ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. எந்த சென்டர் நல்லது, நாள் முழுக்க இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறார்.

சென்டர் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் நடுவில் இருக்கும் கேள்விதான் பெரியது. அதற்குத்தான் இந்தப் பதிலில் அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கரூரிலிருந்து கல்யாணமாகி வந்து அல்சூர் பக்கம் குடியேறி 19 வருடம் ஆகிறது. மகனுக்கு 17 வயது. ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து இருக்கிறது. அவனுக்காக ஸ்பெஷல் எஜுகேஷன் டிப்ளமோ படித்தேன், இப்போது ஒரு சின்ன சென்டரில் அரைநாள் வேலை பார்க்கிறேன். தெரபி அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளேயும் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வருடம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஊரிலேயே பேர் பெற்ற இடம் என்று யாரோ சொன்னார்கள் என்று, நகரத்தின் தென்கோடியில் இருந்த ஒரு சென்டருக்கு வாரம் மூன்று நாள் கூட்டிப்போனேன். தெரபி 45 நிமிடம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், மழை பெய்தால் அந்தக் கணக்கும் கிடையாது. சில்க் போர்டு சிக்னலில் ஆட்டோவுக்குள் அவன் தலையை இரும்புக் கம்பியில் முட்டிக்கொள்வான், என் உள்ளங்கையை நடுவில் வைத்துக்கொள்வேன். போய்ச் சேரும்போது ஒன்று தூங்கியிருப்பான், இல்லையென்றால் அழுது ஓய்ந்திருப்பான். எட்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு குழந்தை வாரத்தில் விழித்திருப்பது சுமாராக 90 மணி நேரம். அதில் தெரபி இரண்டேகால் மணி. ரோட்டில் ஒன்பது மணி. மீதி நேரமெல்லாம் நானும் அவனும் டி.வி.யும்.

அதற்குப் பிறகு நடந்து போகிற தூரத்தில், ஒரு மருந்துக்கடை மாடியில் இரண்டே அறை உள்ள இடத்துக்கு மாறினோம். சுவரில் யானைப் படம்கூட ஒழுங்காக இருக்காது. ஆனால் அந்த ஸ்பீச் தெரபிஸ்ட் என்னை உள்ளே உட்கார வைத்தார். "நான் செய்யறதைப் பாருங்க, நாளைக்கு வீட்ல சட்னி அரைக்கும்போது இதையே செய்யுங்க" என்றார்.

ஆகவே சென்டருக்கு என் அளவுகோல் இதுதான்: அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், உங்களை உள்ளே விட வேண்டும், வீட்டில் செய்ய ஏதாவது சொல்லிக் கொடுக்க வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்டும் ஸ்பெஷல் எஜுகேட்டரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்க வெட்கப்படாதீர்கள், ஒழுங்கானவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "மூன்றே மாதத்தில் பேச வைத்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைப்பதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஊரில் இருந்த மனையை விற்று அதைச் செய்தது. அதைப் பற்றி மேலே எழுத மனம் வரவில்லை.

பெரிய இடத்தில் ஒரு தடவை முழுதாகக் காட்ட வேண்டும் என்றால் ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகள் மனநலத்துக்குத் தனிப் பிரிவே உண்டு. காலையிலேயே போங்கள், கையில் சாப்பாடும் அவனுக்குப் பிடித்த ஒரு சாமானும் இருக்கட்டும், அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். இந்திரா நகரில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் கர்நாடகா என்ற, சிறப்புக் குழந்தைகளுக்கான தொண்டு அமைப்பு 1980 முதல் நடக்கிறது. தமிழிலேயே எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்று தோன்றினால், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்தில் நம்பிக்கை நிலையம் இருக்கிறது. அங்கே அம்மாவும் பிள்ளையும் சில வாரங்கள் தங்கி, அம்மாவே கற்றுக்கொண்டு வர முடியும். பெங்களூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் போய்விடலாம். என்னிடம் கேட்டால், சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் அலைவதைவிட அந்தச் சில வாரங்கள் மேல்.

சரி, இப்போது நடுக் கேள்விக்கு வருகிறேன். நாள் முழுக்க என்ன செய்வது?

தெருவில் இறங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில்.

எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணன் திருப்பத்தூர் பக்கத்துக்காரர். பெட்டிக்குள் கரி கனன்றுகொண்டிருக்கும். துணி மேல் தண்ணீரைத் தெளித்துப் பெட்டியை வைத்ததும் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வருமே, அதற்கு என் மகன் குதிகுதியென்று குதிப்பான். ஐந்து வயதில் அவனுக்கு அதுதான் சினிமா. முதல் நாள் அண்ணன் என்னைத்தான் பார்த்தார், அவனைப் பார்க்கவில்லை. நான் போய்ச் சொன்னேன்: "அண்ணே, இவனுக்கு இன்னும் பேச்சு வரல. சொல்றது எல்லாம் புரியும். தினம் அஞ்சு மணிக்கு இங்க வந்து அஞ்சு நிமிஷம் நிப்பான், பரவாயில்லையா?" அதற்கு அவர் சொன்னது, "கரிகிட்ட வராம பாத்துக்கம்மா, நிக்கட்டும்."

இரண்டு மாதம் நின்றான். பிறகு அண்ணனே ஒரு நாள் மடித்த துணிக்கட்டை அவன் கையில் வைத்து, "ரெண்டாவது வீட்டு அக்காகிட்ட குடு" என்றார். நான் பின்னாலேயே போனேன். கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கால் விரல் நுனியில் நடந்து, அந்த வீட்டுக் கேட்டின் முன்னால் போய் நின்றான். பெல் அடிக்கத் தெரியவில்லை, நின்றுகொண்டே இருந்தான். அந்தக் கன்னடத்து அக்கா ஜன்னலில் பார்த்துவிட்டு வெளியே வந்து வாங்கிக்கொண்டார். அந்த வருடக் கடைசியில் மூன்று வீட்டுக்குத் துணி கொண்டுபோனான். தெரபியில் "பொருளை ஒருவரிடம் கொடுத்தல்" என்று ஒரு பாடமே உண்டு. ஆறு மாதமாக மேஜை மேல் பிளாஸ்டிக் ஆப்பிளை வைத்து நடக்காத பாடம், இஸ்திரி வண்டியில் நடந்தது.

கன்னடத்திலும் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "இவனிகெ மாத்து பரல்ல, ஆத்ரெ எல்லா அர்த்த ஆகுத்தெ." பேச்சு வராது, ஆனால் எல்லாம் புரியும் என்று அர்த்தம். ஆட்டோக்காரரிலிருந்து பி.எம்.டி.சி. கண்டக்டர் வரை இந்த ஒரு வாக்கியம் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. "ஆட்டிசம்" என்று தொடங்கினால் அது என்ன வியாதி, தொற்றுமா என்று பேச்சு எங்கேயோ போய்விடும்.

தெருவைப் பழக்குவது பொழுதுபோக்குக்கு என்று நினைத்துவிடாதீர்கள். என் மகனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, சிலிண்டர் கொண்டுவந்தவர் போனபின் கேட்டின் தாழ்ப்பாளைப் போட மறந்துவிட்டேன். மாவு கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை. 40 நிமிடம். செருப்புகூட இல்லாமல் நான் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும்போது, பூக்காரம்மாதான் "இப்பத்தான் இடது பக்கம் திரும்பினான், நீ பின்னாடி வர்றன்னு நெனச்சேன்" என்றார். இளநீர்க்காரர் மெயின் ரோட்டைக் கைகாட்டினார். பஸ் ஸ்டாப் பக்கத்துப் பெட்டிக்கடையில், ஸ்டூலில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். கடைக்காரர், "பஸ் நோட்தா இத்த" என்றார். பஸ் பார்த்துக்கொண்டிருந்தானாம். அம்மா வருகிற வரைக்கும் போகாமல் இருக்கட்டும் என்று பன்னைக் கொடுத்திருக்கிறார். பன்னுக்கு அவர் காசு வாங்கவில்லை. அந்த மூன்று பேருக்கும் அவன் யார் என்று தெரியாமல் இருந்திருந்தால் அந்த நாள் எப்படி முடிந்திருக்கும் என்பதை நான் யோசிப்பதே இல்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இப்படிக் கிளம்பிவிடும் பழக்கம் உண்டு. தண்ணீர் என்றால் பலருக்கு உயிர். காணாமல் போனால் முதலில் தேட வேண்டியது தண்ணீர் இருக்கும் இடத்தை. பெங்களூரில் வீட்டுக்கு வீடு தரைக்கடியில் சம்ப், அதாவது தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. உங்கள் கட்டடத்துச் சம்ப்பின் மூடிக்குப் பூட்டு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கதவின் மேல் முனையில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். டெய்லரிடம் கொடுத்து, அவன் டவுசர் இடுப்புப் பட்டையின் உள்பக்கம் உங்கள் போன் நம்பர் எழுதிய துணி நாடாவைத் தைத்துவிடுங்கள். கழுத்தில் மாட்டும் அட்டையை அவன் கழற்றி எறிந்துவிடுவான், இது தங்கும். கூட்டமான இடத்துக்குப் போகும்போது கிளம்பும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டை என்ன கலர் என்பதுகூட நமக்கு மறந்துவிடும்.

ஃபிளாட்டில் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்று. கீழ் வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுவதற்கு முன் நீங்கள் போய்த் தட்டிவிடுங்கள். ராத்திரி குதிப்பான், கத்துவான், தரையில் ஃபோம் பாய் போட்டிருக்கிறோம், அப்படியும் சத்தம் வந்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள் என்று சொல்லிவிட்டால் பாதிக் கோபம் போய்விடும். கையில் நாலு முறுக்கு இருந்தால் இன்னும் நல்லது. மீதிப் பாதிக் கோபத்தோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் பழைய வீட்டில் அசோசியேஷன் மீட்டிங்கிலேயே என் பிள்ளையைப் பற்றி ஒரு பொருள் சேர்த்திருந்தார்கள், லிஃப்ட் ரிப்பேருக்கும் பார்க்கிங்குக்கும் நடுவில். என் கணவர் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

செக்யூரிட்டியை மறக்காதீர்கள். அவரிடம் இந்தியிலோ உடைந்த கன்னடத்திலோ பேசி, "இவன் தனியாகக் கேட்டைத் தாண்டினால் எனக்குப் போன் பண்ணுங்கள்" என்று சொல்லி வையுங்கள். ஷிஃப்டு மாறும்போதெல்லாம் மறுபடி சொல்ல வேண்டும்.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த ஊரில் அது கட்டாயம் வரும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ், விளையாடும் இடத்தில் இந்தி. "குழந்தை குழம்பிப்போகும், இனி வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும்தான்" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். எங்களிடமும் சொன்னார்கள். எட்டு மாதம் "கம், சிட், ஈட், நோ" என்றே பேசினோம். என் மாமியாருக்கு அந்த நாலு வார்த்தைகூடச் சரியாக வராது. அவர் பேரனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். சோறு ஊட்டும்போது வாயை இறுக மூடிக்கொண்டு ஊட்டுவார், தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில். அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

அந்த மருந்துக்கடை மாடி தெரபிஸ்ட் கன்னடக்காரர். அவர்தான் கேட்டார், "நீங்க தாலாட்டு எந்த பாஷையில பாடுவீங்க?" என்று. வீட்டில் எது இயல்பாக வாயில் வருகிறதோ அதையே பேசுங்கள் என்றார். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதில்லை என்றுதான் ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. மாமியார் மறுபடி பேசத் தொடங்கினார், எட்டு மாதத்துப் பேச்சையும் சேர்த்து வைத்துப் பேசினார். ஆறு வயதில் அவன் முதலில் தெளிவாகச் சொன்ன வார்த்தை "போதும்". நாலாவது இட்லியைத் தட்டில் வைக்கப் போன பாட்டியின் கையைத் தள்ளிவிட்டுச் சொன்னான். அவர் இட்லித் தட்டோடு சமையலறைக்குள் போய் அழுதார்.

பேச்சு வரும்வரை படக்கார்டுகளைப் பயன்படுத்துங்கள். அதைக் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள், அப்படி எதுவும் கிடையாது. சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலியில் தமிழும் உண்டு, படத்தைத் தொட்டால் அது பேசும். ஆனால் முதலில் காகிதம்தான். தண்ணீர், கக்கூஸ், வெளியே, வலிக்குது. இந்த நாலு படத்தை அவன் உயரத்துக்கு ஃபிரிட்ஜில் ஒட்டித் தொடங்குங்கள்.

சொந்தக்காரர்கள் விஷயம் தனிக்கதை. "அவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான்", "வசம்பு உரைச்சு நாக்குல தடவு", "நீ போன்ல படம் காட்டினதாலதான்" என்று மூன்று வகை அத்தைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் தொண்டைதான் வற்றும். நான் ஒரே பதில் வைத்திருக்கிறேன்: "டாக்டர் பாத்துக்கிட்டிருக்காரு அத்தை, நீங்க அவன் வந்தா பக்கத்துல உக்காந்து ஏதாவது பாடுங்க, அவனுக்குப் பிடிக்கும்." கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அறிவுரை குறையும். என் சித்தி ஒருவர் அப்படித்தான் ஒரு தடவை கும்மிப்பாட்டு பாட ஆரம்பித்தார். இப்போது ஊருக்குப் போனால் இவன் நேராக அவர் வீட்டுக்குத்தான் போவான்.

கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் இரண்டு வருடத்தில் அழைப்பிதழ் வருவதும் நின்றுவிடும். காலை டிபனுக்கு முதல் பந்தியில் போய் உட்காருங்கள், பொண்ணு மாப்பிள்ளையை மேடைக்குப் பின்னாலேயே பார்த்துவிட்டு மொய்யையும் எழுதிவிட்டு, கெட்டிமேளத்துக்கு முன்னால் வெளியே வந்துவிடுங்கள். மேளச் சத்தம் தாங்க மாட்டான் என்றால் காதை மூடும் ஹெட்போன் வாங்கி வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். கோயிலுக்கும் இதுதான்: கிருத்திகை, வெள்ளிக்கிழமை வேண்டாம், சாதாரண நாள் காலை ஆறரை மணி. எங்கள் பக்கத்து முருகன் கோயில் அர்ச்சகர் மணியைக் கையில் எடுத்ததும் இவனைப் பார்த்து விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டிவிட்டுத்தான் அடிப்பார். மூன்றுக்கு இவன் காதைப் பொத்திக்கொள்வான். நான் கேட்டு அவர் செய்ததில்லை, அவராகக் கண்டுபிடித்தது.

தீபாவளிக்கு மட்டும் எங்களிடம் தீர்வு இல்லை. இப்போதெல்லாம் தீபாவளி ராத்திரியில் ரயிலில் இருப்பது போலப் பார்த்து டிக்கெட் எடுத்துவிடுகிறோம். பெட்டியில் கூட்டம் குறைவு, வெடிச் சத்தம் தூரத்தில்.

காகித வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, ஆட்டிசம் அதில் ஒன்று. மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்து, சொன்ன நாளில் பிள்ளையோடு போக வேண்டும். ஆட்டிசத்தை ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோலில் கேள்வி கேட்டு மதிப்பிடுவார்கள். அங்கே போய் நம் பிள்ளை செய்வதையெல்லாம் கூட்டிச் சொல்லும் ஆசை வரும், அடக்கிக்கொண்டு உள்ளதைச் சொல்லுங்கள். ஆதாரில் விலாசம் திண்டுக்கல்லில் இருந்தால் அங்கே விண்ணப்பிப்பதா இங்கே மாற்றுவதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அட்டை நாடு முழுக்கச் செல்லும், ஆனால் மாநில அரசின் உதவித்தொகை விலாசத்தைப் பொறுத்தது.

அட்டை வந்ததும், மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் சேருங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவில் ஒரு பகுதியும் அதில் வரும். கட்டும் தொகை சில நூறு ரூபாய்தான். வருமான வரியில், பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் 75,000 ரூபாய் கழிவு உண்டு, 80 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்றால் 1,25,000. ரயிலில், துணையில்லாமல் போக முடியாத அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் 75 சதவீதம் குறைவு. அதற்கு ரயில்வேயின் அடையாள அட்டை தனியாக எடுக்க வேண்டும். பிறகு, 18 வயது ஆனதும் தாய் தகப்பனாக இருந்தாலும் சட்டப்படி கார்டியனாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அதை முடிவு செய்யும். உங்களுக்கு அது இன்னும் பதிமூன்று வருடம் கழித்து. எனக்கு அடுத்த வருடம்.

பள்ளி. 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை அந்த 2016 சட்டத்திலேயே இருக்கிறது. நடைமுறையில், "எங்களிடம் வசதி இல்லை மேடம்" என்ற வாக்கியத்தை நான் ஒன்பது பள்ளிகளில் கேட்டேன். பத்தாவது பள்ளியின் தலைமை ஆசிரியை என்னிடம் எதுவும் கேட்காமல் குனிந்து அவன் பெயரைக் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. "சரி, நாளைக்குச் சொல்லு" என்றார். அங்கேதான் சேர்த்தேன். கட்டடத்தையும் பாடத்திட்டத்தையும் பார்க்காதீர்கள், அந்த முதல் நிமிடத்தைப் பாருங்கள். எட்டாவதோடு அந்தப் பள்ளி போதும் என்று முடிவு செய்து, இப்போது என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக ஒவ்வொரு பாடமாக எழுதுகிறான். அவசரமே இல்லை.

மற்ற பெற்றோர்கள் வேண்டும், கண்டிப்பாக வேண்டும். ஆனால் அளவோடு. வாட்ஸ்அப் குழுக்களில் ராத்திரி பதினொன்றுக்கு, "என் பையன் இன்னைக்கு ஏழு வார்த்தை" என்று ஒருவர் போடுவார், நமக்குத் தூக்கம் போய்விடும். நேரில் பார்க்கும் நாலு பேர் போதும். ஃபிரேசர் டவுனில் கோல்ஸ் பார்க் இருக்கிறது. சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய கிலிகிலி அமைப்பு, எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும்படி மாநகராட்சியோடு சேர்ந்து அங்கே விளையாட்டு இடம் அமைத்தது. நான் என் தோழிகள் மூவரைச் சந்தித்தது அங்கே ஊஞ்சல் வரிசையில்தான். ஒருவர் உருது பேசுபவர், ஒருவர் மலையாளி, ஒருவர் கோலார் பக்கத்துத் தெலுங்குக்காரர். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் மற்றவர் பிள்ளையை இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்வோம். எந்த சென்டரிலும் காசு கொடுத்தாலும் கிடைக்காத இரண்டு மணி நேரம் அது. கொஞ்சம் பெரிய அளவில் வேண்டுமென்றால் பரிவார் என்ற பெற்றோர் சங்கங்களின் கூட்டமைப்பு 1995 முதல் இருக்கிறது. சட்டம், கார்டியன் விஷயம், பெரியவர்களானபின் எங்கே இருப்பார்கள் என்ற கேள்வி, இதற்கெல்லாம் அனுபவசாலிகள் அங்கே இருக்கிறார்கள்.

உங்கள் கணவர் பற்றி ஒரு வார்த்தை. அவர் லேப்டாப்பில் ராத்திரியெல்லாம் சிகிச்சை தேடுகிறார், பிள்ளையோடு உட்காருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பல அப்பாக்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வேலையை முழுதாக அவரிடம் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அது அல்சூர் ஏரியைச் சுற்றி நடப்பது. வள்ளுவர் சிலைவரை போய்த் திரும்புவார்கள். (18 வருடம் மூடியே கிடந்து 2009இல் திறந்த சிலை அது, இவன் அப்போது கைக்குழந்தை.) திரும்பி வரும்போது வழியில் தட்டு இட்லி. அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் வீட்டைப் பெருக்கக் கூடாது. தூங்குங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போய்விடலாமா என்ற கேள்வி. ஊரில் தாத்தா பாட்டி, முற்றம், பழகிய மனிதர்கள் இருப்பார்கள். தமிழ்நாட்டில் மாவட்ட அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து, குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டறிந்து பயிற்சி கொடுக்கும் ஆரம்பநிலை மையங்கள் பல இடங்களில் வந்துவிட்டன. சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமே இருக்கிறது. ஆனால் அப்பா இங்கே, பிள்ளை அங்கே என்று பிரிந்து இருப்பதை நான் சுலபமாகச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்து அப்படிப் போன மூன்று குடும்பங்களில் இரண்டு, இரண்டு வருடத்துக்குள் திரும்பி வந்துவிட்டன. உடனே முடிவு செய்ய வேண்டாம். கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் போய் இருந்து பாருங்கள். தெரபிக்கு யார் இருக்கிறார்கள், உங்கள் மாமனார் அவனைக் கடைவீதிக்குக் கூட்டிப்போகிறாரா, அல்லது விருந்தாளி வந்தால் உள் அறைக்கு அனுப்புகிறார்களா என்று கவனியுங்கள். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் பார்த்தாலே உங்களுக்குப் பாதி பதில் தெரிந்துவிடும்.

போவதற்கு மைசூரு - தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வசதி, பெங்களூரிலிருந்து ஓசூர், சேலம் வழியாகத் திண்டுக்கல்லுக்கே போகும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், கோடையில் முதல் நாளே போட்டுவிடுங்கள். கீழ் பெர்த்தாக, ஜன்னல் பக்கமாக எடுங்கள். விளக்கை அணைத்த பிறகும் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தருமபுரி தாண்டும்வரை படுக்கச் சொல்லாதீர்கள்.